உலகக் கோப்பையும் ஊர்க் கணிப்பேடும்

தோற்றுவாய்

நாளை நிகழ்வதை இன்றே அறிதல் வேண்டுமென்னும் வேட்கை மக்களுக்கு இயல்பாய் அமைந்தது. பண்டைத் தமிழர் ஒரு வினைமேற் செல்லுங்கால் விரிச்சி கேட்டனர். விரிச்சியாவது, ஊர்ப்புறத்தே சென்று நின்று, அயலார் தற்செயலாய்க் கூறும் சொல்லைச் செவிமடுத்து, அதனையே தம் வினை முடிவுக்கு அறிகுறியாகக் கொள்ளுதல். தொல்காப்பியனார் புறத்திணையியலில் இதனை வெட்சித் துறைகளுள் ஒன்றாக வைத்தார். நப்பூதனார் பாடிய முல்லைப்பாட்டில், போர்மேற் சென்ற தலைவன் மீண்டு வருவானோவென ஏங்கும் தலைவியின் பொருட்டு முதுபெண்டிர் நெல்லும் முல்லை மலரும் தூவி நிற்கின்றனர். அவ்வேளையில் ஆயமகள் ஒருத்தி, தாயைக் காணாது வருந்தும் கன்றை நோக்கி, உன் தாய் இன்னே வந்துவிடும் எனத் தேற்றுகின்றாள். அச்சொல் அவர்க்கு நற்சொல்லாகின்றது.

விரிச்சியின் அழகை நாம் மறுக்கவேண்டுவதில்லை. ஆயினும் அதன்கண் ஒரு குறையுண்டு. பலித்த சொல்லை உலகம் நெடுநாள் எடுத்துப் பேசும். பலியாத சொல்லை ஒருவரும் எழுதி வைப்பதில்லை. ஆதலின் விரிச்சி எத்துணை முறை மெய்யாயிற்று, எத்துணை முறை பொய்யாயிற்று என அளந்தறியும் வழி இல்லை. அளவில்லாதவிடத்து அறிவும் வளர்வதில்லை.

இக்கட்டுரையில் யாம் ஆராயப் புகுவது, விரிச்சிக்கு நேர் மாறான முறையுடைய ஓர் எளிய விளையாட்டு. உலகக் கோப்பை உதைபந்தாட்டம் நிகழுங் காலத்து, நண்பர் பலர் கூடி, ஒவ்வோர் ஆட்டத்தின் முடிவையும் முன்னரே கணித்தெழுதி, பின்னர் மெய்ம்முடிவோடு ஒப்பிட்டு மதிப்பெண் இடுவர். இதனைக் கணிப்புப் போட்டி என்பர். கணிப்பை முன்னரே எழுதி வைத்தல், முடிந்தபின் ஒளியாது அளந்து பார்த்தல், பணத்தை அருகே வரவொட்டாமை ஆகிய இம்மூன்றும் பொருந்துமாயின் இவ்விளையாட்டு நல்லதொரு கல்வியாகும் என்பதே யாம் நிறுவக் கருதும் பொருள்.

ஆட்டமும் எம் கரையும்

உலகக் கோப்பை உதைபந்தாட்டம் 1930 ஆம் ஆண்டில் உருகுவே நாட்டில் 13 அணிகளோடு தொடங்கிற்று. இறுதி ஆட்டத்தில் அந்நாடே அர்ஜென்டினாவை 4-2 என வென்று முதற் கோப்பையைக் கொண்டது. 1950 இல் பிரேசிலில் நிகழ்ந்த போட்டியில் ஆடும் உரிமை இந்தியாவுக்கு வாய்த்தும் நம் அணி செல்லாது விலகிற்று. அதன்பின் அவ்வரங்கில் இந்தியா அடியெடுத்து வைத்ததில்லை. 2026 ஆம் ஆண்டுப் போட்டிக்கும் தகுதி பெறவில்லை. ஆதலின் நம்மவர் பிற நாட்டு அணிகளுள் ஒன்றைத் தமதாகத் தெரிந்துகொண்டு அதன் வெற்றிக்கு மகிழ்ந்தும் தோல்விக்கு வருந்தியும் வருகின்றனர்.

நாஞ்சில் நாட்டு வயல்களைக் கடந்து குமரி மாவட்டத்தின் மேலைக் கரைக்குச் செல்வோர் இவ்வார்வத்தைக் கண்ணாரக் காணலாம். நீரோடி, மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர், பூத்துறை, இரயுமன்துறை என நிரல்பட அமைந்த எட்டு மீனவ ஊர்களும் ஆழ்கடல் மீன்பிடித் தொழிலுக்கும் உதைபந்தாட்டத்துக்கும் ஒருங்கே பெயர் பெற்றவை. இரவிபுத்தன்துறையில் பிறந்த மைக்கேல் சூசைராஜ் இந்திய சூப்பர் லீக் தொடரின் முன்னணி அணிகளில் ஆடியவர். இக்கரையில் மணலே முதல் ஆடுகளம். உலகக் கோப்பை வரும் ஆண்டில் பிரேசிலின் மஞ்சட் கொடியும் அர்ஜென்டினாவின் வெண்ணீலக் கொடியும் தெருவுக்குத் தெரு எதிரெதிரே பறக்கும்.

2022 ஆம் ஆண்டு கத்தார் நாட்டில் நிகழ்ந்த போட்டி நவம்பர் 20 இல் தொடங்கி டிசம்பர் 18 இல் முடிந்தது. அணிகள் 32, குழுக்கள் எட்டு, குழுச் சுற்றில் 48 ஆட்டங்கள், அதன்பின் தோற்றோர் நீங்கும் சுற்றுகளில் 16 ஆட்டங்கள், ஆக 64. குழுச் சுற்றின் தொடக்க நாட்களில் நம் நாட்டு நேரப்படி மாலை 3.30 முதல் நள்ளிரவு 12.30 வரை நாளொன்றுக்கு நான்கு ஆட்டங்கள் தொடங்கின. அப்பொழுது பள்ளி மாணவராயிருந்த யாம், எம் ஊர் நூலகத் திண்ணையில் பன்னிருவர் கூடி நடத்திய கணிப்புப் போட்டிக்குக் கணக்கெழுதும் பணியை ஏற்றோம். கணக்கெழுதுவோர் கணிக்கலாகாது என்பது முதல் ஏற்பாடு. அப்பன்னிருவருள் பள்ளிச் சிறுவரும் இருந்தனர். கல்லூரியிற் பயின்ற அக்காள்மார் இருவர் இருந்தனர். வலை பின்னும் முதியவர் ஒருவரும், விசைப்படகில் ஆழ்கடலுக்குச் செல்லும் மாமா ஒருவரும் இருந்தனர்.

கணிப்பேட்டின் விதிகள்

இத்தகைய போட்டியை நடத்த விரும்புவோர்க்குப் பயன்படுமாறு விதிகளைச் சுருங்கக் கூறுவோம்.

முதலாவது, ஆட்டம் தொடங்குமுன் கணிப்பு மையினால் எழுதப்படல் வேண்டும். தொடங்கியபின் ஓர் எழுத்தும் மாற்றலாகாது.

இரண்டாவது, இரு அணிகளின் கோல்களையும் எண்ணாற் குறித்தல் வேண்டும். எண்கள் இரண்டும் சரியாயின் ஐந்து மதிப்பெண். கோல் வேறுபாடு மட்டும் சரியாயின் மூன்று. வெற்றி பெறும் அணி மட்டும் சரியாயின் இரண்டு. ஒன்றும் பொருந்தாவிடின் சுழி. எடுத்துக்காட்டாக, ஆட்டம் 2-0 என முடிந்ததாகக் கொள்வோம். 2-0 என எழுதியவர் ஐந்தும், 3-1 என எழுதியவர் மூன்றும், 1-0 என எழுதியவர் இரண்டும் பெறுவர்.

மூன்றாவது, தோற்றோர் நீங்கும் சுற்றுகளில் கூடுதல் நேரம் உட்பட 120 நிமிடத்துக் கணக்கே கொள்ளப்படும். அதன்பின் வரும் பெனால்ட்டி உதைகள் கணக்கிற் சேரா. அடுத்த சுற்றுக்குச் செல்லும் அணியைச் சரியாகக் கூறினோர்க்குத் தனியே இரண்டு மதிப்பெண்.

இம்மூன்றாம் விதியின் அருமை டிசம்பர் 9 ஆம் நாளிரவு விளங்கிற்று. அன்று குரோசியாவும் பிரேசிலும் 1-1 எனச் சமமாகிப் பெனால்ட்டி உதைகளில் குரோசியா 4-2 என வென்றது. அதனையடுத்து நெதர்லாந்தும் அர்ஜென்டினாவும் 2-2 எனச் சமமாக, அர்ஜென்டினா 4-3 என வென்றது. ஒரே இரவில் இரண்டு ஆட்டங்கள் இவ்வாறு முடியவே, சமநிலை என எழுதியோர் மதிப்பெண் கேட்டனர். அது வெற்றியே என எதிர்த்தோரும் உளர். விதி முன்னரே எழுதப்பட்டிருந்தமையால் ஏட்டை விரித்துக் காட்டிய அளவில் வழக்குத் தீர்ந்தது. வழக்கு எழுமுன் எழுதிய விதியே நடுவுநிலை உடையது. எழுந்தபின் எழுதும் விதி எவரேனும் ஒருவர்க்குச் சார்பாகவே தோன்றும்.

ஆட்டங்கள் கற்பித்தவை

குழுச் சுற்றில் ஓர் ஆட்டத்துக்கு வெற்றி, தோல்வி, சமநிலை என மூன்று முடிவுகள் உண்டு. 48 ஆட்டங்களுக்கும் கூடிய முடிவுகளின் தொகையை அறிய, மூன்றை 48 முறை எழுதித் தம்முள் பெருக்குதல் வேண்டும். அவ்வாறு பெருக்கின் வருவது 23 இலக்கமுள்ள ஓர் எண். இறுதி பதினாறு அணிகளினின்று வாகை சூடும் அணி வரையுள்ள 15 ஆட்டங்களை மட்டும் கொண்டாலும் 32,768 வழிகள் உள. ஆதலின் முழுதும் சரியாகக் கணிப்பேன் என ஒருவன் புறப்படுதல் வீண். பிறரினும் சிறிது குறைவாகத் தவறுதலே இவ்விளையாட்டில் வெற்றியாகும்.

முதற்கண் நாம் கற்பது, ஒன்றை வென்றது மற்றதையும் வெல்லும் என்னும் சங்கிலி நியாயம் செல்லாதென்பது. அவ்வாண்டு ஐந்தாவது குழுவில் ஸ்பெயின் கோஸ்டாரிகாவை 7-0 என வென்றது. அதே கோஸ்டாரிகா ஜப்பானை 1-0 என வென்றது. அதே ஜப்பான் ஸ்பெயினை 2-1 என வென்றது. மூவரும் ஒருவரையொருவர் வென்று வட்டமாய் நின்றனர். ஏழு கோல் வாங்கிய அணி என இகழ்ந்து எழுதியோர்க்கு மறு ஆட்டத்தில் மதிப்பெண் கிட்டவில்லை.

இரண்டாவது, பெரிய எண்ணின்மேற் செல்லும் ஆசையை அடக்குதல். குழுச் சுற்றின் 48 ஆட்டங்களிலும் விழுந்த கோல்கள் 120. அஃதாவது ஓர் ஆட்டத்துக்கு இரண்டரை. சமநிலையில் முடிந்தவை பத்து. அவற்றுள் ஆறு 0-0, மூன்று 1-1, ஒன்று 3-3. எம் ஏட்டிலோ சிறுவர் பலர் தாம் விரும்பும் அணிக்கு நான்கும் ஐந்தும் வாரி வழங்கினர். அக்காள் ஒருத்தி மட்டும் எவ்வணிக்கும் இரங்காது 1-0, 2-0, 2-1, 1-1 என்னும் எண்களையே மாற்றி மாற்றி எழுதி வந்தாள். சுவையற்ற கணிப்பு எனப் பிறர் நகைத்தனர். டிசம்பர் 18 இல் ஏடு கூட்டப்பட்டபோது முதலிடம் அவளுடையது.

மூன்றாவது, வலிமையை மட்டும் நோக்காது தேவையையும் நோக்குதல். மூன்றாம் ஆட்டங்களில் துனீசியா பிரான்சையும், கேமரூன் பிரேசிலையும், தென் கொரியா போர்த்துகலையும் வென்றன. தோற்ற மூன்று அணிகளும் முதலிரண்டு ஆட்டங்களில் வென்று அடுத்த சுற்றுக்கு முன்னரே தகுதி பெற்றவை. ஆதலின் முதன்மை ஆட்டக்காரர் பலர்க்கு ஓய்வு தந்தன. எதிரணிகளுக்கோ அதுவே இறுதி வாய்ப்பு. இன்னான் வலியன் என்னும் வினாவோடு, இன்று யாருக்கு வெற்றி இன்றியமையாதது என்னும் வினாவையும் சேர்த்துக் கேட்டோர் ஆட்டத்தை வேறு கண்ணாற் கண்டனர்.

இத்தனையும் நோக்கிய பின்னரும் எஞ்சி நிற்பது வியப்பு. நவம்பர் 22 இல், 36 ஆட்டங்களில் தோல்வி காணாது வந்த அர்ஜென்டினாவைச் சவூதி அரேபியா 2-1 என வென்றது. பன்னிருவருள் ஒருவரும் அதனை எழுதவில்லை. அவ்வாறு தோற்ற அணியே இறுதியில் பிரான்சோடு 3-3 எனச் சமமாகி, பெனால்ட்டி உதைகளில் 4-2 என வென்று கோப்பையைக் கொண்டது. முதல் நாளே அர்ஜென்டினா வெல்லும் என எழுதி, இரண்டு நாளில் நகையாடப்பட்ட வலை பின்னும் முதியவர், அந்நகைப்பையும் பின்னர் வந்த பாராட்டையும் ஒரே முகத்தோடு ஏற்றார்.

பேய்க்கணவாய் கூறிய குறி

இனிக் கணிப்புக்கும் குறிக்கும் உள்ள வேற்றுமையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். 2010 ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்காவில் உலகக் கோப்பை நிகழ்ந்தபோது, ஜெர்மனியின் ஓபர்ஹவுசன் நகரத்துக் கடலுயிர்க் காட்சியகத்தில் பால் என்னும் பெயருடைய ஒரு பேய்க்கணவாய் உலகப் புகழ் பெற்றது. நம் கரை வலைகளில் அகப்படும் எட்டுக்கை உயிரே அது. இரு நாட்டுக் கொடிகள் ஒட்டிய இரண்டு பெட்டிகளில் இரையிட்டு அதன்முன் வைப்பர். அது எப்பெட்டியைத் திறக்கின்றதோ அந்நாடு வெல்லும் என்பர். ஜெர்மனி ஆடிய ஏழு ஆட்டங்களும் இறுதி ஆட்டமும் ஆக எட்டும் அது காட்டியவாறே முடிந்தன.

எட்டு முறை காசு சுண்டி எட்டு முறையும் முன்னரே கூறிய பக்கமே விழும் வாய்ப்பு 256 இல் ஒன்று. அரிதே, ஆயினும் இயலாததன்று. உலகில் எத்துணையோ காட்சியகங்களில் எத்துணையோ உயிர்களிடம் இவ்வாறு குறி கேட்கின்றனர். 256 உயிர்களைக் கேட்டால் ஒன்று எட்டும் சரியாகக் காட்டுதல் எதிர்பார்க்கத் தக்கதே. தவறிய 255 உயிர்களின் பெயரை நாளிதழ் எழுதுவதில்லை. தப்பிய ஒன்றின் பெயரே உலகைச் சுற்றி வரும். அப்பாலும் 2008 ஆம் ஆண்டு ஐரோப்பியக் கோப்பையில் ஆறு ஆட்டங்களுள் நான்கையே சரியாகக் காட்டிற்று. இதனைப் பலர் நினைவிற் கொண்டிலர். மேலும், குழுச் சுற்றில் சமநிலையும் ஒரு முடிவாயிருக்க, அதற்கெனப் பெட்டி வைத்தாரில்லை.

விரிச்சியின் குறை ஈண்டும் அவ்வாறே நிற்றல் காண்க. கணிப்பேடு இக்குறையை நீக்குகின்றது. அதன்கண் தவறியவையும் சரியானவையும் ஒரே மையில், ஒரே வரிசையில் நிற்கின்றன. நான் அப்பொழுதே சொன்னேன் என்பாரை, எங்கே எழுதினீர் எனக் கேட்கும் உரிமையை அது நமக்குத் தருகின்றது.

பணம் புகுமிடம்

முதல் நாளே ஒருவர், தலைக்கு நூறு ரூபாய் இட்டால் ஆட்டம் சூடுபிடிக்கும் என்றார். இளைஞர் சிலர் தலையசைத்தனர். அப்பொழுது ஆழ்கடலுக்குச் செல்லும் மாமா எம்மை நோக்கி, “பைசா வச்சா எனக்க பேர வெட்டிரு மக்கா” என்றார். வேறொன்றும் அவர் கூறவில்லை. அவர் பெயரை வெட்ட ஒருவர்க்கும் மனமில்லை. நூறு ரூபாய்ப் பேச்சு அன்றோடு ஒழிந்தது. அதுவே நான்காம் விதியாக ஏட்டின் முதற்பக்கத்தில் ஏறிற்று.

அவர் கூறாது விட்ட காரணத்தை அடுத்த நாட்களே எமக்குக் காட்டின. ஜெர்மனியும் ஜப்பானும் ஆடுமுன், பதினொன்றாம் வகுப்பு மாணவன் ஒருவன், ஜப்பானிய வீரர் பலர் ஜெர்மனி நாட்டுக் கழகங்களிலேயே ஆடி வருபவர் என்றும், அந்நாட்டார் ஆடும் முறையை அவர்கள் உள்நின்று அறிவர் என்றும் தேடிக் கண்டறிந்தான். கண்டதைத் தனக்கென ஒளியாது திண்ணையில் அமர்ந்த யாவர்க்கும் உரைத்தான். அதனைக் கேட்டு மூவர் தம் கணிப்பைச் சமநிலையாக மாற்றினர். ஜப்பான் 2-1 என வென்றது. கோலடித்த டோன், அசானோ இருவருமே முறையே ஃபிரைபர்க், போகும் என்னும் ஜெர்மானியக் கழகங்களில் ஆடி வந்தவர். நூறு ரூபாய் நடுவே கிடந்திருப்பின் அம்மாணவன் தன் வாயைத் திறந்திருப்பானோ? பணமில்லாதவிடத்து ஒருவன் கண்ட அறிவு பன்னிருவர்க்கும் ஆயிற்று. பணம் புகுந்தவிடத்து அறிவு மறைபொருளாகும். அடுத்திருப்பவனின் அறியாமை நமக்கு ஊதியமாகும். நட்பு அந்நிலையில் தங்காது.

திருவள்ளுவர் சூது என்னும் அதிகாரத்தை நட்பியலில் வைத்தமை ஈண்டு எண்ணத் தக்கது. சூதிற் பெறும் வெற்றியை மீன் விழுங்கிய தூண்டில் முள்ளுக்கு அவர் உவமை கூறினார். கடற்கரையிற் பிறந்தார்க்கு இவ்வுவமையை விளக்க வேண்டுவதின்று. புகழேந்திப் புலவர் நளவெண்பாவில் பாடிய நளனும் புட்கரனோடு சூதாடியே நாடிழந்தான். இக்காலத்துச் சூது கைப்பேசியின்வழி வீட்டினுள்ளேயே வருகின்றது. அதனாற் பல குடும்பங்கள் கடனில் ஆழ்ந்தமை கண்டே, 2022 அக்டோபரில் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் நிறைவேற்றிய இணையவழிச் சூதாட்டத் தடை 2023 ஏப்ரலில் சட்டமாயிற்று. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் பணம் வைத்தாடும் இணைய விளையாட்டுகளுக்குத் தடை விதித்தது. சட்டம் வேலியாகும். ஆயினும் நூறு ரூபாய் எனத் தொடங்கும் முதற்பேச்சை நிறுத்த, திண்ணையில் ஒருவர் வேண்டும்.

பரிசு யாதோவெனின், முதலிடம் பெற்றவர் கிறிஸ்துமஸ் நாளுக்கென நூலக வாயிலில் கட்டும் நட்சத்திர விளக்கை ஏற்றுதல். இறுதி ஆட்டத்துக்கு மறுநாள் மாலை அவ்வக்காள் ஏணிமேல் நின்று அதனைக் கட்டியபோது, பிரேசிலாரும் அர்ஜென்டினாவாரும் ஒருங்கே ஏணியைத் தாங்கி நின்றனர்.

கடலும் கணிப்பும்

விளையாட்டைப் பற்றி இத்துணை விரித்துரைத்தல் தகுமோவென ஐயுறுவார்க்கு ஒன்று கூறுவோம். நவம்பர் 30 ஆம் நாள் போட்டியின் நடுவே வந்தது. அந்நாளை எம் கரை மறப்பதில்லை. 2017 ஆம் ஆண்டு நவம்பர் 29, 30 ஆகிய நாட்களில் ஒக்கிப் புயல் குமரிக் கடலிற் கிளர்ந்தெழுந்தபோது, பல நாள் முன்பே ஆழ்கடல் சென்ற படகுகளுக்கு எச்சரிக்கை சென்றெட்டவில்லை. மேற்கூறிய ஊர்களினின்று சென்று மீளாதோர் பலர். 2022 இல் அதன் ஐந்தாம் ஆண்டு நினைவாக ஊரார் கரையில் விளக்கேற்றி நின்றனர். அன்றிரவு ஆட்டங்களுக்கு எம் ஏட்டில் எழுதினோர் சிலரே. ஆயினும் ஒரு பக்கம் மட்டும் நிரம்பியே இருந்தது. புறப்படுமுன் 48 ஆட்டங்களுக்கும் எழுதிக் கொடுத்துக் கடல்மேற் சென்றிருந்த மாமாவின் பக்கம் அது. அவர் நலமே திரும்பினார். ஏட்டில் தமக்கு ஏழாம் இடம் என அறிந்து சிரித்தார்.

கணிப்பு என்பது எம் கரையில் பொழுதுபோக்கு மட்டுமன்று என்பதை அந்நாள் நினைவூட்டிற்று. காற்று எப்பால் வீசும், கடல் எந்நாள் கொந்தளிக்கும் என்னும் கணிப்பின்மேல் உயிர் நிற்கின்றது. வானிலை அறிவிப்பு வெளியிடுவோர் பெரும்பாலும் வாய்ப்புண்டு என்றே கூறுவர்; உறுதியாக நிகழும் எனக் கூறுதல் அரிது. அச்சொல்லின் நிறையை அறியாதார், புயல் வாராத ஒரு நாளைக் கண்டு, இவர் சொல் என்றும் பொய்யே எனத் தள்ளுவர்; அல்லது ஒருமுறை பலித்தது கண்டு அதனைத் தெய்வ வாக்காகக் கொள்வர். இரண்டும் விரிச்சி கேட்டோர் மனப்பான்மையே.

கணிப்பை எடைபோடும் நேரிய முறை ஒன்றை 1950 ஆம் ஆண்டில் கிளென் பிரையர் என்னும் அமெரிக்க வானிலை அறிஞர் வகுத்தார். கணிப்போன் தன் உறுதியைப் பின்ன எண்ணாற் கூறல் வேண்டும். நிகழ்ந்தால் ஒன்று, நிகழாவிடின் சுழி எனக் கொண்டு, கூறிய எண்ணுக்கும் அதற்கும் உள்ள வேறுபாட்டைத் தன்னாற் பெருக்குதல் வேண்டும். வருவது அவன் பெறும் தண்டம். தண்டம் குறையக் குறையக் கணிப்பு நன்று. அர்ஜென்டினா சவூதியை வெல்லும் என்பதற்கு 0.9 உறுதி கூறியவன் பெறும் தண்டம் 0.81. அதனையே 0.7 என அடக்கமாகக் கூறியவன் பெறுவது 0.49. இருவரும் தவறினர், அளவு மிஞ்சிய உறுதியுடையவன் மிகுதியாகத் தண்டிக்கப்பட்டான். நிகழ்ந்திருப்பின் முன்னவன் 0.01 பெற்று மேம்பட்டிருப்பான். ஆதலின் அஞ்சி யாவற்றுக்கும் 0.5 எனக் கூறுவோனும் இம்முறையில் வெல்லான். அவன் எப்பொழுதும் 0.25 தண்டத்தோடே நிற்பான். தான் அறிந்த அளவுக்கு உறுதியும், அறியாத அளவுக்கு ஐயமும் உடையவனே முன்னிற்பான். வானிலைக்கு வகுத்த இம்முறையை உதைபந்துக் கணிப்பேட்டிலும் எளிதில் ஆளலாம். எண்ணத் தெரிந்த சிறுவரும் ஒரு மாலையிற் கற்றுக்கொள்வர்.

ஒரு நாட் கணிப்பைக் கொண்டு ஒருவரையும் புகழவோ இகழவோ ஆகாது. பல நாட் கணிப்பையும் ஒரே ஏட்டில் எழுதி அளந்த பின்னரே இவர் சொல்லை இத்துணை நம்பலாம் எனத் துணிதல் வேண்டும். திண்ணையில் இதனைக் கற்ற சிறுவன், நாளை படகேறும்போது வானிலைச் சொல்லை ஏளனம் செய்யான். கண்மூடி நம்பவும் செய்யான். அதன் நிறையறிந்து நடப்பான்.

முடிவுரை

இதுகாறும் கூறியவாற்றால், கணிப்புப் போட்டியின் பயன் மூவகைப்படும் என்பது பெறப்படும். முன்னரே எழுதுவதனால் சொல்லுக்குப் பொறுப்புண்டாகின்றது. அளந்து பார்ப்பதனால் செருக்கு அடங்கி அறிவு வளர்கின்றது. பணம் விலக்குவதனால் கண்டதைப் பிறர்க்கு ஈயும் நட்பு நிலைபெறுகின்றது. இவற்றுள் ஒன்று குறையினும் அது விரிச்சியாகவோ சூதாகவோ திரியும்.

2026 ஆம் ஆண்டு முதல் உலகக் கோப்பை 48 அணிகளும் 104 ஆட்டங்களும் உடையதாக விரிவடைந்தது. ஏடும் அதற்கேற்பப் பெரிதாதல் வேண்டும். நம் கல்லூரி விடுதிகளிலும் ஊர் நூலகங்களிலும் இத்தகைய ஏடு ஒன்றைத் தொடங்க விரும்பும் மாணவ நண்பர்க்கு வேண்டுவன கோடிட்ட குறிப்பேடு ஒன்று, மை எழுதுகோல் ஒன்று, கணக்கெழுத இசையும் ஒருவர். நூறு ரூபாய் எனத் தொடங்குவோர் எங்கும் இருப்பர். அப்பொழுது, என் பெயரை வெட்டிவிடு எனச் சொல்லும் ஒருவரும் அங்கே இருத்தல் வேண்டும். அவ்வொருவராக நம்முள் ஒவ்வொருவரும் இருக்கலாம்.